இருநூற்று எண்பத்தெட்டு

சமார்த்தின் நிலையத்தில்
போக வர இரண்டு டிக்கெட்டையும்
நியேவெஸே எடுத்தாள்.
நான் பைக்குள் கைவிட்டுக்
கொஞ்சம் நிதானமாகவே துழாவினேன்.
தடுத்தாள்.
தடுப்பாள் என்று எனக்குத் தெரியும்.

பிப்ரவரியில் அவளிடம் வாங்கிய முந்நூறு யூரோ
எங்களுக்கு எதிரே
மூன்றாவது பயணியாக உட்கார்ந்து வந்தது,
ஜன்னலோரம் கேட்காமல்.

குவாதலஹாரா தாண்டியதும் பெட்டி காலியாயிற்று.
எனாரெஸ் ஆறு இந்தப் பக்கம் வந்தது,
பாலம் கடந்ததும் அந்தப் பக்கம் போனது.
ஒன்றரை மணி நேரமும் பேசினோம்,
அவள் மாடிவீட்டுக்காரரின் நாயைப் பற்றி.

சிகுவென்சா மேட்டில் ஏறும் ஊர்.
அடியில் ரயில், உச்சியில் கோட்டை,
கோட்டைக்குள் இப்போது விடுதி.
ஆயர்கள் துயின்ற இடத்துக்குத்
தேனிலவுக்காரர்கள்
சக்கரப் பெட்டியைத் தடதடவென்று இழுத்துப் போகிறார்கள்.
கல்லெல்லாம் சிவப்பு,
வெயிலில் காயப்போட்ட மாதுளைத் தோல்போல.
கதீட்ரல் சுவரில்
உள்நாட்டுப் போரின் குண்டுக் குழிகள்.
ஒன்றில் விரலை நுழைத்துப் பார்த்தாள் நியேவெஸ்.
“என் சுண்டுவிரலுக்குச் சரியாக இருக்கிறது.”
அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை.

கதவோ சாத்தியிருந்தது.
நாலு மணி வரை
கடவுளுக்கும் மதிய உறக்கம்.

கோட்டைக்குப் போகும் சரிவில்
அவள் இடது ஷூவின் அடித்தோல் பிரிந்து
தாகமெடுத்த நாயின் நாக்காகத் தொங்கியது.
படியொன்றில் உட்கார்ந்து சிரித்தாள்.
துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண்
பால்கனியிலிருந்து கிளிப்போடு கையை நீட்டி
“எவாரிஸ்டோ கடை, ஓடுங்கள், அடைக்கப்போகிறான்” என்றாள்.
ஓடினேன் நான். நொண்டியடித்தாள் அவள்.

பாதி இறங்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து நுழைந்தோம்.
ஆணி, பூட்டு, எலிப்பொறி, தேன் குப்பி,
நடுவே ஒரு கயிற்றில் கட்டித் தொங்கின
கயிற்றடிச் செருப்புகள்.
முப்பத்தெட்டு இல்லை, முப்பத்தொன்பது இருக்கிறது,
ஊதா இல்லை, கறுப்பு இருக்கிறது,
பசி இருக்கிறது எனக்கு, என்றார் எவாரிஸ்டோ.
பன்னிரண்டு யூரோ.
நான் முந்திக்கொண்டு நீட்டினேன்.

அவள் நாடாவைக் கணுக்காலில் சுற்றியபடி
தலை நிமிராமல் சொன்னாள்:
“இனி இருநூற்று எண்பத்தெட்டு.”

என் காது
இந்த ஊர்க் கல்லோடு போட்டியிட்டது.
எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்,
டிக்கெட் எடுத்தபோதும்,
நாயைப் பற்றிப் பேசியபோதும்.

“கேட்டால் நட்பு கெடும்.
கேட்காவிட்டால் என் தூக்கம் கெடுகிறது” என்றாள்.
எவாரிஸ்டோ சில்லறையை
மிக மெதுவாக எண்ணத் தொடங்கினார்.

சதுக்கத்து வளைவுகளின் நிழலில்
பூண்டு சூப்பும், பன்றிக்கொழுப்பில் வறுத்த ரொட்டித்தூளும்.
முப்பத்தொன்று ஆயிற்று. நான் கொடுத்தேன்.
“என் பங்கு பதினாலுதான் கழியும்,
நீ குடித்த ஒயினை என் தலையில் எழுதாதே.”
இருநூற்று எழுபத்து நாலு.
அதன்பின் எங்களுக்கு
நாயின் உதவி தேவைப்படவில்லை.
அவள் அம்மாவின் அறுவைசிகிச்சை தள்ளிப்போனது,
எனக்கு மறுபடி வேலை கிடைத்ததை
நான் அவளிடம் மறைத்தது,
எல்லாம் வந்தது.
கடைசியதைச் சொன்னபோது
சூப்புக் கிண்ணத்தை ரொட்டியால் துடைத்துக்கொண்டே இருந்தாள்,
துடைக்க ஒன்றும் மிச்சமில்லாதபோதும்.

நாலரைக்கு உள்ளே போனோம்.
தன் கல்லறைமேல் முழங்கை ஊன்றி, கால்மேல் கால் போட்டு,
ஐந்நூறு வருடத்துக்கும் மேலாகப்
புத்தகம் பிடித்திருக்கும் வெண்கல் இளைஞன்.
போரில் செத்தவனாம். வாசிக்கிறானாம்.
எனக்கு அப்படித் தெரியவில்லை.
பக்கத்துக்கு அப்பால் பார்க்கிறான்,
யாருக்கோ தரவேண்டியது
சட்டென்று நினைவு வந்தவன்போல.
“பாதிக்கு மேல் படித்துவிட்டான்” என்றாள் நியேவெஸ்
மிகுந்த அக்கறையோடு.

திரும்பும் ரயிலில்
புதுச் செருப்புக் கால்களை மடித்துத் தூங்கிப்போனாள்.
பிய்ந்த ஷூ இருந்த பை எதிர் இருக்கையில்.
குவாதலஹாராவில் கூட்டம் ஏறியது.
“இந்த இடம் காலியா?” என்றான் ஒரு பையன்.
இன்னும் இல்லை என்று வாய்வரை வந்தது.
காலிதான், உட்கார் என்று
பையை எடுத்து
மடியில் வைத்துக்கொண்டேன்.